ஆலையும் ஆறும் – 11: கணக்கில் இருந்தும் கண்ணில் படாத ஓடை

சென்ற பகுதியை 1863ஆம் ஆண்டின் ஆல்கலிச் சட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். இங்கிலாந்தின் சோடா ஆலைகள் காற்றில் விட்டுக்கொண்டிருந்த ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கைப் பிடித்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. பிடிப்பதற்கு வில்லியம் கோசேஜ் கண்டுபிடித்த கோபுரம் இருந்தது. அளந்து பார்க்க ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் இருந்தார். அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுக்க இதே வழிதான் நடந்தது. முதலில் ஆலையைக் கட்டுவார்கள். பிறகு புகைபோக்கியின் வாயிலோ வடிகாலின் முனையிலோ ஒரு கருவியைப் பொருத்திக் கழிவைப் பிடிப்பார்கள். அந்தக் கழிவு ஆலைக்குள் எந்த இடத்தில், எந்த முடிவால் பிறக்கிறது என்ற கேள்வி வரைபடம் போடும் மேசைக்கு வரவே இல்லை. அந்தக் கேள்வி மேசைக்கு வந்த வரலாறுதான் இந்தப் பகுதி. அதைக் கொண்டுவந்ததில் கணினிக்குப் பாதிப் பங்கு உண்டு. மறுபாதி யாருடையது என்பதையும் பார்ப்போம்.

கணினிக்கு முந்தைய வடிவமைப்பாளரின் நிலைமையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 1915இல் ஆர்தர் டி. லிட்டில், எந்த வேதி ஆலையையும் சூடாக்குதல், வடித்தல், உறிஞ்சுதல், உலர்த்துதல் என்று ஒருசில அடிப்படை வேலைகளாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். 1925இல் மெக்கேப், தீலே என்ற இருவர், இரண்டு பொருள்கள் கலந்த திரவத்தைக் காய்ச்சி வடிக்கும் கோபுரத்துக்கு எத்தனை தட்டுகள் வேண்டும் என்பதை வரைபடத்தாளில் படிக்கட்டுபோல் கோடு இழுத்தே கண்டுபிடிக்கும் வழியைத் தந்தார்கள். இன்றும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அதைத்தான் முதலில் போடுகிறார்கள். ஆனால் உண்மையான ஆலையில் இரண்டு பொருள்களோடு விஷயம் முடிவதில்லை. ஐந்து பொருள், எட்டுப் பொருள் என்று போனால் தட்டுத் தட்டாகக் கணக்குப் போட வேண்டும். 1930களில் அதற்கான முறைகள் வந்தன. ஸ்லைடு ரூலை வைத்துக்கொண்டு ஒரு கோபுரத்தை முடிப்பதற்கே நாள்கணக்கில் ஆகும். அப்படி முடித்த கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொரு அமைப்புக்கு முதலிலிருந்து தொடங்கும் தெம்பு யாருக்கு இருக்கும்? வேலை செய்யும் ஒரு வடிவமைப்பு கிடைத்ததும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். சந்தேகமுள்ள இடங்களில் கோபுரத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டினார்கள். பிரிக்க முடியாத மிச்சத்தை ஆற்றில் விட்டார்கள், அல்லது கொளுத்தினார்கள்.

கைக்கணக்கை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சிரமப்படுத்தியது ரீசைக்கிள். ரியாக்டருக்குள் போகும் மூலப்பொருள் முழுவதும் ஒரே சுற்றில் மாறிவிடுவது அரிது. மாறாத பகுதியைப் பிரித்தெடுத்து மறுபடியும் ரியாக்டருக்கே அனுப்புவதைத்தான் ரீசைக்கிள் என்கிறோம். மூலப்பொருளை மிச்சப்படுத்துவதும் கழிவைக் குறைப்பதும் அந்த ஓடைதான். கணக்கைச் சிக்கலாக்குவதும் அதுதான். ரியாக்டரைக் கணக்கிட வேண்டுமென்றால் திரும்பி வருவது எவ்வளவு என்று தெரிய வேண்டும். திரும்பி வருவது எவ்வளவு என்று தெரிய வேண்டுமென்றால் ரியாக்டரையும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் கணக்கிட்டு முடித்திருக்க வேண்டும். வழி ஒன்றுதான். சுற்றும் ஓடையை ஓரிடத்தில் வெட்டி, அங்கே ஓடுவது இவ்வளவு என்று ஊகித்து, ஒரு சுற்று முழுவதும் கணக்கிட்டு, ஊகித்ததும் கிடைத்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஒத்துப்போகாவிட்டால் ஊகத்தைத் திருத்தி மறுபடியும் சுற்றுவது. இந்தத் திருத்தத்தை வேகப்படுத்தும் ஒரு சூத்திரத்தை 1958இல் வெக்ஸ்டீன் வெளியிட்டார். இன்றைய மென்பொருள்களிலும் அவர் பெயரிலேயே அது இருக்கிறது.

ரீசைக்கிளோடு ஒட்டிப் பிறந்தது பர்ஜ். வெளியேற வழியில்லாத ஏதாவது ஒரு பொருள் மூலப்பொருளோடு சிறிதளவு உள்ளே வந்தாலும், கொதிக்கும் பானையில் குறையக் குறைய உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு சேர்வதுபோல அது சுற்றுக்குள் சேர்ந்துகொண்டே போகும். அதனால் சுற்றும் ஓடையில் ஒரு பங்கை எப்போதும் வெளியே விட்டாக வேண்டும். அந்தப் பங்கோடு நல்ல மூலப்பொருளும் சேர்ந்து போகும். வேதி ஆலைகளின் கழிவில் பெரும்பகுதி கவனக்குறைவால் வருவதாகப் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் நிறையக் கழிவு இப்படி வரைபடத்திலேயே கோடு போட்டு, அம்புக்குறி இட்டு, வெளியே அனுப்பப்படுவது.

1958 வாக்கில் கெல்லாக் என்ற அமெரிக்கப் பொறியியல் நிறுவனம் ‘ஃப்ளெக்சிபிள் ஃப்ளோஷீட்’ என்ற நிரலை உருவாக்கியது. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு கணக்குத் துண்டு, அவற்றை வேண்டியபடி கோத்துக்கொள்ளும் வசதி என்பது அதன் அடிப்படை. முழு ஆலையையும் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் முயற்சிகளில் இது மிக முந்தியது. அடுத்த பத்தாண்டுகளில் பெரிய எண்ணெய், வேதி நிறுவனங்கள் தங்களுக்கென்று தனித்தனியாக எழுதிக்கொண்டன. பல்கலைக்கழகங்களில் பேஸர், செஸ் என்று சில வந்தன. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ரோஜர் சார்ஜென்ட்டும் ஆர்தர் வெஸ்டர்பெர்க்கும் 1964இல் ‘ஸ்பீட்-அப்’ என்ற நிரலைப் பற்றி எழுதினார்கள். மொன்சான்டோ நிறுவனம் உருவாக்கிய ஃப்ளோட்ரான் 1970களில் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களின் கைக்கும் வந்தது. அந்தத் தலைமுறைப் பொறியாளர்கள் சிமுலேஷனைக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அதில்தான்.

இந்தக் காலத்து முயற்சிகளில் என்னை மிகவும் கவர்ந்தது கனடாவின் ஹாமில்டன் நகரில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் செய்தது. 1971இல் வெளிவந்த அவர்களுடைய நூலில், ஒரு கந்தக அமில ஆலை முழுவதையும் கணினியில் கட்டிக் காட்டினார்கள். கந்தக அமிலத்தை எடுத்துக்கொண்டால் கழிவுக் கணக்கு பளிச்சென்று தெரியும் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒரு டன் கந்தக அமிலத்துக்கு ஏறத்தாழ 653 கிலோ சல்ஃபர் டை ஆக்சைடு வேண்டும். அது வனேடியம் வினையூக்கி அடுக்குகளின் வழியாகப் போய் சல்ஃபர் ட்ரை ஆக்சைடாக மாற வேண்டும். இந்த வினை இரு திசையிலும் நடக்கக்கூடியது. விளைபொருள் சேரச் சேர முன்னே போவது நின்றுவிடும். பழைய ஆலைகளில் நூற்றுக்கு 98 பங்கு மாறினால் நல்ல ஆலை என்று பெயர். மிச்சம் 2 பங்கு, அதாவது டன்னுக்கு 13 கிலோ, புகைபோக்கி வழியாக ஊர்மேல் போய்விடும். 1960களில் பாயர் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. நடுவில் ஓரிடத்தில் வாயுவை வெளியே எடுத்து, உருவான ட்ரை ஆக்சைடை அமிலத்தில் உறிஞ்சிவிட்டு, மீதியை மறுபடியும் கடைசி அடுக்குக்கு அனுப்பினார்கள். விளைபொருள் விலகிவிட்டதால் நின்றுபோன வினை மறுபடியும் முன்னே போனது. மாற்றம் 99.7 பங்குக்கு ஏறியது. 13 கிலோ 2 கிலோவானது. 1971 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை புதிய கந்தக அமில ஆலைகளுக்கு விதித்த வரம்பும் டன்னுக்கு 2 கிலோதான்.

இதில் கணினிக்கு என்ன வேலை? வாயுவை உறிஞ்சவேண்டுமானால் குளிரவைக்க வேண்டும், அடுத்த அடுக்குக்கு அனுப்பவேண்டுமானால் மறுபடியும் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டை எங்கிருந்து எடுப்பது, எந்த அடுக்குக்குப் பிறகு வாயுவை வெளியே எடுப்பது, ஒவ்வொரு அடுக்கின் வாயிலிலும் எத்தனை டிகிரி வைப்பது என்று ஒவ்வொன்றும் மற்றொன்றைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒன்றை அசைத்தால் எல்லாம் அசையும். கைக்கணக்கில் இதை இருபது விதமாக மாற்றிப் பார்க்க முடியாது. கணினியில் முடியும்.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. நிலக்கரியிலிருந்து எரிபொருள் செய்ய அமெரிக்க அரசு வழி தேடியது. அப்போதிருந்த சிமுலேட்டர்கள் திரவத்தையும் வாயுவையும் மட்டுமே அறிந்தவை. நிலக்கரியோ திடப்பொருள், அதிலிருந்து சாம்பலும் தாரும் வரும். அதற்கென்று 1976இல் எம்ஐடியில் லாரன்ஸ் எவன்ஸ் தலைமையில் அரசுப் பணத்தில் ஆஸ்பென் திட்டம் தொடங்கியது. 1981இல் திட்டம் முடிந்ததும் அதை வணிகமாக நடத்த ஆஸ்பென்டெக் நிறுவனம் பிறந்தது. இன்று உலகெங்கும் வேதிப் பொறியாளர்கள் பயன்படுத்தும் ஆஸ்பென் பிளஸ் அதன் வழிவந்ததுதான். அதைப் பெற்றெடுத்தது எரிபொருள் கவலை. சுற்றுச்சூழல் கவலை அந்தத் திட்டத்தின் வாசலில்கூட இல்லை.

இந்த நிரல்கள் ஒவ்வொன்றும் ஒரு முழு ஆலைக் கணக்கை முடித்ததும் நீளமான அட்டவணையை அச்சிட்டுத் தரும். ஒவ்வொரு ஓடைக்கும் ஓர் எண். அதில் ஒவ்வொரு பொருளும் மணிக்கு எவ்வளவு ஓடுகிறது, என்ன வெப்பநிலை, என்ன அழுத்தம் என்று வரிசையாக இருக்கும். விற்பனைக்குப் போகும் பொருளின் ஓடைக்கு எத்தனை தசம இடம் உண்டோ, பர்ஜ் ஓடைக்கும் அடிமண்டி ஓடைக்கும் அத்தனை உண்டு. உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தாக வேண்டும் என்பதால் கழிவை விட்டுவிட்டு எந்தச் சிமுலேட்டராலும் கணக்கை முடிக்கவே முடியாது. ஆக, 1960களிலிருந்தே ஆலையின் கழிவு என்ன, எவ்வளவு என்பது கட்டுவதற்கு முன்பே அச்சுத்தாளில் இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. ஆற்றில் விடுவதற்குச் செலவு கிடையாது. செலவு இல்லாத ஓடை லாபநட்டக் கணக்கில் ஏறாது. லாபநட்டத்தில் ஏறாததைக் குறைக்கும்படி யாரும் நிரலிடம் கேட்கவில்லை. இந்த வரலாற்றில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கணிக்கும் திறன் முதலில் வந்தது. கேட்கும் மனம் ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்துத்தான் வந்தது. அந்தக் கால் நூற்றாண்டில் கட்டிய ஆலைகளின் கீழ்ப்புறத்தில் குடியிருந்தவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள்.

இடையில் விதிவிலக்காக 3எம் நிறுவனம் இருந்தது. அங்கே ஜோசப் லிங் 1975இல், கழிவைப் பிறக்குமிடத்தில் தடுப்பது லாபம் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பொதுவான திருப்பம் வந்தது போபாலில் நடந்த கொடுமைக்குப் பிறகுதான். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அடுத்த ஆகஸ்டில் அதே நிறுவனத்தின் அமெரிக்க ஆலையிலும், மேற்கு வர்ஜீனியாவின் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில், நச்சுவாயு கசிந்தது. தங்கள் ஊர் ஆலைக்குள் என்ன இருக்கிறது, என்ன வெளியே வருகிறது என்று அமெரிக்க மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். 1986இல் வந்த சட்டம், ஆலைகள் ஆண்டுதோறும் காற்றிலும் நீரிலும் நிலத்திலும் விடும் நச்சுப்பொருள்களைப் பொருள்வாரியாக, எடைவாரியாக அறிவிக்க வேண்டும் என்றது. குறைக்கச் சொல்லவில்லை, அறிவிக்கத்தான் சொன்னது. அதுவே போதுமானதாக இருந்தது. நிறுவனத் தலைவர்கள் பலர் தங்கள் ஆலைகளின் மொத்தக் கழிவை ஒரே எண்ணாகப் பார்த்தது அப்போதுதான். 1988 ஜூனில், முதல் அறிக்கைகள் போய்ச்சேர வேண்டிய நேரத்தில், மொன்சான்டோவின் தலைவர் ரிச்சர்ட் மஹோனி, தங்கள் ஆலைகள் காற்றில் விடும் நச்சை 1992 முடிவுக்குள் 90 சதவீதம் குறைப்பதாகப் பகிரங்கமாக உறுதி சொன்னார். ஃப்ளோட்ரானை எழுதிய நிறுவனம் இது என்பதை நினைவில் வையுங்கள். கணக்கிடும் கருவி இருபது ஆண்டுகளாக அவர்கள் வீட்டிலேயே இருந்தது. 1990இல் அமெரிக்க மாசுத் தடுப்புச் சட்டம் வரிசையை வகுத்தது. முதலில் பிறக்குமிடத்தில் குறை, முடியாததைத் திருப்பிப் பயன்படுத்து, அதுவும் முடியாததைச் சுத்திகரி, கொட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

இனி வரைபட மேசைக்குப் போவோம். மாசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டக்ளஸ், ஆலை வடிவமைப்பை அடுக்கடுக்கான முடிவுகளாகப் பிரித்துக் கற்றுத்தந்தவர். 1988இல் வந்த அவருடைய பாடநூல் முழுக்க ஓர் ஆலை கூடவே வரும். டொலுயீனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து பென்சீன் செய்யும் ஆலை. 1992இல் அதே அடுக்கு முறையைக் கழிவுக் குறைப்புக்குத் திருப்பி அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு முடிவின்போதும், இதனால் வெளியே போகும் ஓடை எது என்று கேட்கச் சொன்னார். உதாரணமாக, ஒரு பொருளை ஆக்சிஜனேற்றம் செய்யத் தூய ஆக்சிஜனுக்குப் பதில் காற்றைப் பயன்படுத்த முடிவுசெய்தால், காற்றில் நூற்றுக்கு 79 பங்காக இருக்கும் நைட்ரஜனையும் உள்ளே அழைத்துக்கொள்கிறோம். அது வெளியே போகும்போது வெறுங்கையோடு போகாது. ஆலைக்குள் இருக்கும் ஆவியைச் சுமந்துகொண்டுதான் போகும்.

அந்த பென்சீன் ஆலையைக் கிட்டத்தில் பார்க்கலாம். 620 டிகிரி செல்சியசுக்கு மேல், ஏறத்தாழ 34 பார் அழுத்தத்தில் டொலுயீனும் ஹைட்ரஜனும் சேர்ந்து பென்சீனும் மீத்தேனும் ஆகின்றன. கூடவே ஒரு வேண்டாத வினை. இரண்டு பென்சீன் சேர்ந்து டைபீனைல் ஆகிவிடும். ரியாக்டரில் ஒரு சுற்றில் டொலுயீனில் எவ்வளவு மாற வேண்டும் என்பது வடிவமைப்பாளர் கையில் இருக்கும் திருகு. டக்ளஸ் தந்திருக்கும் சமன்பாட்டில் 50 சதவீதம் என்று போட்டால், மாறும் ஒவ்வொரு 100 டொலுயீனிலும் 99 பென்சீனாகிறது. 75 சதவீதம் என்றால் 97. 90 சதவீதம் என்றால் 87தான். மிச்சமுள்ள 13 டைபீனைலாகிக் கழிவுக் கணக்கில் போகிறது. அப்படியானால் 50 சதவீதமே நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 50 சதவீதத்தில் புதிதாக உள்ளே வரும் ஒவ்வொரு 100 டொலுயீனுக்கும் இன்னொரு 100 மாறாமல் திரும்பிச் சுற்றுகிறது. 75 சதவீதத்தில் 33தான் சுற்றும், 90இல் 11தான். சுற்றுவதை எல்லாம் மறுபடியும் 620 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும், குளிரவைத்துக் கோபுரத்தில் பிரிக்க வேண்டும். அதற்கு உலையில் எரிபொருள், அதற்குப் புகை. டைபீனைலைக் குறைத்தால் கார்பன் டை ஆக்சைடு கூடும். நடுவில் எங்கே நிற்பது என்பதைக் காகிதத்தில் யோசித்துச் சொல்ல முடியாது. திருகை ஒவ்வோர் அங்குலமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் முழு ஆலையையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். சிமுலேட்டர் பிறந்ததே இதற்காகத்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதைவிட அழகான ஒரு வழி அந்த வேதியியலிலேயே ஒளிந்திருந்தது. டைபீனைல் உருவாகும் வினையும் இரு திசையிலும் நடக்கக்கூடியது. டைபீனைலைப் பிரித்து வெளியே தள்ளாமல் டொலுயீனோடு சேர்த்து ரியாக்டருக்கே திருப்பி அனுப்பினால், அது சுற்றுக்குள் ஓரளவுக்குச் சேரும். அந்த அளவில் எவ்வளவு உருவாகிறதோ அவ்வளவு உடைந்து பென்சீனாகத் திரும்பும். அதற்குப் பிறகு நிகரமாக டைபீனைல் உருவாகவே உருவாகாது. கழிவு ஓடை ஒன்று வரைபடத்திலிருந்தே அழிந்துபோகிறது. டொலுயீனையும் டைபீனைலையும் பிரிப்பதற்கென்று இருந்த கடைசிக் கோபுரமும் வேண்டாமல் போகிறது. பதிலுக்கு ரியாக்டரையும் குழாய்களையும் கொஞ்சம் பெரிதாகக் கட்ட வேண்டும், சுற்றும் டைபீனைலையும் ஒவ்வொரு முறையும் சூடாக்க வேண்டும். எது லாபம், எது தூய்மை என்று இரண்டு வரைபடங்களையும் ஓட்டி ஒப்பிடலாம்.

அந்த ஆலையில் இன்னொரு தொல்லையாக மீத்தேன் இருக்கிறது. ஹைட்ரஜன் சுற்றில் அது சேர்ந்துகொண்டே வருவதால் பர்ஜ் செய்தாக வேண்டும், அதோடு விலையுயர்ந்த ஹைட்ரஜனும் போகும். வழக்கமாக அதை உலையில் எரித்துவிடுவார்கள். 1980 வாக்கில் பர்ஜ் வாயுவிலிருந்து ஹைட்ரஜனை மட்டும் பிரித்தெடுக்கும் ப்ரிசம் என்ற சவ்வுக் குழாய்களை மொன்சான்டோவே சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. முதலில் பயன்பட்டது அமோனியா ஆலைகளில்.

ஏனைய முன்னேற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லீட்ஸில் ஆராய்ச்சி மாணவராக இருந்த போடோ லின்ஹோஃப் 1970களின் கடைசியில், ஆலைக்குள் சூடாக வேண்டிய ஓடைகளையும் ஆற வேண்டிய ஓடைகளையும் இணைத்து எரிபொருளைக் குறைந்தபட்ச அளவுக்குக் கொண்டுவரும் முறையைக் கண்டார். 1989இல் லாஸ் ஏஞ்சலஸில் எல்-ஹல்வாகியும் மனூசியூதாகிஸும் அதே சிந்தனையை மாசுப்பொருளுக்குப் பொருத்தி, ஓர் ஓடையின் அழுக்கை இன்னோர் ஓடையால் உறிஞ்சும் வலைப்பின்னலை வடிவமைக்கும் முறையைத் தந்தார்கள். 1994இல் மான்செஸ்டரில் வாங், ஸ்மித் இருவரும் கழிவுநீருக்கு அதைச் செய்தார்கள். ஓரிடத்தில் கழுவிய நீர், அவ்வளவு தூய்மை தேவைப்படாத இன்னோரிடத்துக்குப் போதும் என்பதை எண்களால் நிறுவும் முறை அது.

ஈஸ்ட்மன் நிறுவனம் டென்னசியின் கிங்ஸ்போர்ட்டில் செய்ததை அப்படிச் சுருக்க மனம் வரவில்லை. மெத்தனாலையும் அசிட்டிக் அமிலத்தையும் சேர்த்து மீத்தைல் அசிடேட் செய்வதற்கு வழக்கமான வடிவமைப்பில் ரியாக்டரும் கோபுரங்களுமாக ஏறத்தாழ பத்துப் பெரிய சாதனங்கள் வேண்டும். விளைபொருள் தண்ணீரோடும் மெத்தனாலோடும் ஒட்டிக்கொண்டு பிரிய மறுப்பதே காரணம். 1980களின் தொடக்கத்தில் அவர்கள் கணினி மாதிரியையும் சோதனைக் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே கோபுரத்துக்குள் அடக்கினார்கள். மேலிருந்து அமிலம் இறங்க, கீழிருந்து மெத்தனால் ஏற, இரண்டும் எதிர்ப்படும் தட்டுகளிலேயே வினையும் நடக்கிறது, பிரிதலும் நடக்கிறது. முதலீடும் எரிசக்தியும் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தன. சுற்றுச்சூழலைக் காட்டித் தொடங்கிய வேலை இல்லை இது. ஆனாலும் ஐந்தில் நான்கு பங்கு நீராவி மிச்சமானால் அதற்கான புகையும் மிச்சம்தானே.

இப்போது ஒரு கேள்வி எழுந்தது. ஒரு வரைபடத்தில் டைபீனைல் 10 கிலோ வெளியேறுகிறது, இன்னொன்றில் கார்பன் டை ஆக்சைடு 300 கிலோ கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எது குறைந்த கெடுதல்? எடையைக் கூட்டிப் பார்த்துப் பயனில்லை. 1994இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சின்சினாட்டி ஆய்வகத்தைச் சேர்ந்த ஹிலாலியும் சுபாஸ் சிக்தாரும், பொருள் சமநிலைக் கணக்குப்போல மாசுக்கும் ஒரு சமநிலைக் கணக்கு எழுதலாம் என்றார்கள். அதை 1997இல் ஹெரிபெர்ட்டோ கபேசாஸும் உடன் பணியாற்றியவர்களும் விரிவாக்கி ‘வார்’ கணக்குமுறையாக ஆக்கினார்கள். கழிவுக் குறைப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. சிமுலேட்டர் தரும் ஓடை அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு வகையில் கெடுதல் மதிப்பெண் போடுவது அதன் முறை. உண்பதாலும் குடிப்பதாலும் மனிதருக்கு, தொடுவதாலும் மூச்சாலும் மனிதருக்கு, நீர்வாழ் உயிர்களுக்கு, நிலவாழ் உயிர்களுக்கு என்று நான்கு. புவி வெப்பம், ஓசோன் படலம், புகைமூட்டம், அமில மழை என்று நான்கு. எலிக்கு எவ்வளவு கொடுத்தால் பாதி சாகும், மின்னோ என்ற சிறுமீன் எந்த அடர்த்தியில் சாகும் என்ற ஆய்வகத் தரவுகளிலிருந்து அந்த மதிப்பெண்கள் வருகின்றன. கடைசியில், ஒரு கிலோ விளைபொருளுக்கு இவ்வளவு கெடுதல் என்று ஓர் எண் கிடைக்கும். பிற்பாடு ஆலைக்கு மின்சாரம் தரும் அனல்மின் நிலையத்தின் புகையையும் சேர்த்துக்கொண்டார்கள். முகமை இதை இலவச மென்பொருளாக வெளியிட்டது. கெம்கேட் என்ற வணிகச் சிமுலேட்டருக்குள்ளும் இது ஏறியது. முப்பது ஆண்டுகளாக அச்சுத்தாளில் கிடந்த வரிகளை ஒரு நிரல் முதல்முறையாக உட்கார்ந்து படித்தது இங்கேதான்.

இந்த எட்டையும் எப்படிக் கூட்டுவது? ஒவ்வொன்றுக்கும் எடைமதிப்பு போடும் பொறுப்பை வார் பயன்படுத்துபவரிடமே விட்டிருக்கிறது. ஆற்றோரம் ஆலை என்றால் மீனுக்கு அதிக எடை போடலாம், நகரத்துக்குள் என்றால் புகைமூட்டத்துக்கு. நேர்மையான ஏற்பாடு என்றே நினைக்கிறேன், ஏனென்றால் எது முக்கியம் என்பதை வேதியியல் சமன்பாடு சொல்லாது. ஆனால் அந்த எடைகளை நாற்காலியில் அமர்ந்து நிரப்புபவர் ஆலை நிறுவனத்தின் பொறியாளர். ஆற்றில் மீன் பிடிப்பவரைக் கேட்டு நிரப்பும் வழக்கம் எங்கும் இல்லை. அப்படி ஒரு வழக்கம் வர வேண்டும். இன்னொரு தெரிவும் அதில் உண்டு. விளைபொருளின் நச்சுத்தன்மையைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா? நம்முடைய உதாரண ஆலையில் விளைபொருளே பென்சீன், புற்றுநோய் தருவது. அதை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் அந்த ஆலை மிகத் தூய்மையான ஆலையாகத் தெரியக்கூடும்.

சிமுலேட்டரின் உண்மையான எல்லை இதையும் தாண்டி இருக்கிறது. கணக்கைத் தொடங்கும்போது ஆலையில் என்னென்ன பொருள்கள் என்று ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத எதுவும் முடிவில் வராது. டைபீனைலைத் திருப்பி அனுப்பும் வரைபடத்தில், சுற்றிக்கொண்டிருக்கும் டைபீனைல் இன்னொரு பென்சீனோடு சேர்ந்து டெர்பீனைல் என்ற இன்னும் கனமான பொருளாகலாம். பட்டியலில் டெர்பீனைல் இல்லையென்றால் திரையில் கழிவு பூஜ்யம், குழாயில் தார். அடுத்தது, பொருள்கள் ஒன்றோடொன்று எப்படிப் பழகும் என்ற தரவு. 1975இல் வந்த யூனிஃபாக் போன்ற முறைகள் மூலக்கூறின் துண்டுகளை வைத்தே இதை மதிப்பிட உதவுகின்றன. இந்தத் தேர்வில் பிசகினால் விளைவு பெரிது. தண்ணீரில் கரைந்திருக்கும் மிகச்சிறு அளவு பென்சீனுக்கு, எல்லாப் பொருளும் ஒன்றுபோலவே பழகும் என்று வைத்துப் போடும் கணக்கு சொல்வதைவிட ஏறத்தாழ 2,400 மடங்கு அதிகமாக ஆவியாகித் தப்பும் போக்கு உண்டு. தவறான மாதிரியைத் தேர்ந்தெடுத்தவரின் திரையில் அந்த பென்சீன் கழிவுநீரிலேயே அடங்கிக் கிடக்கும். உண்மையில் அது திறந்த வடிகாலின் மேல் காற்றில் இருக்கும்.

வால்வுகளின் இடுக்கிலும் பம்புகளின் சீலிலும் கசிவதை எந்த வரைபடமும் காட்டாது. வர்ஜீனியாவின் யார்க்டவுனில் இருந்த அமோக்கோ சுத்திகரிப்பு ஆலையில் 1989 முதல் சில ஆண்டுகள் நிறுவனமும் சுற்றுச்சூழல் முகமையும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. காகிதத்தில் மதிப்பிடுவதை நிறுத்திவிட்டு, ஆலையின் ஒவ்வொரு மூலையிலும் காற்றையும் நீரையும் மண்ணையும் எடுத்து அளந்து பார்த்தார்கள். பென்சீன் வரும் இடம் என்று விதிகள் குறிவைத்திருந்தது கழிவுநீர் வடிகால்களை. அவற்றை மூடிச் சீரமைக்க நிறுவனம் மூன்று கோடி டாலருக்கு மேல் செலவிட வேண்டியிருந்தது. அளந்தபோது தெரிந்தது, படகுகளில் பெட்ரோலை ஏற்றும் துறையில்தான் அதைவிட அதிகமான பென்சீன் காற்றில் போய்க்கொண்டிருந்தது. டாங்க் நிரம்ப நிரம்ப உள்ளே இருந்த ஆவி வெளியே தள்ளப்பட்டது. அதைப் பிடிக்க ஆகும் செலவு வடிகால் செலவில் ஒரு சிறு பங்குதான். அந்தத் துறை விதியிலும் இல்லை, ஆலை வரைபடத்திலும் இல்லை. பெட்ரோல் விளைபொருள் ஓடையாக வரைபடத்தின் விளிம்பைத் தாண்டியதுமே கணக்கு முடிந்துவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வரைபடத்தின் அந்த விளிம்பை எங்கே போடுவது என்ற வாக்குவாதம் 1990களில் பெரிதாக வெடித்தது. மூலப்பொருள் தோண்டப்படும் சுரங்கத்திலிருந்து விளைபொருள் குப்பையாகும் வரை கணக்கிட வேண்டும் என்றவர்களின் வரலாறு அடுத்த பகுதியில்.

(தொடரும்)